மாமனாரின் இடது கண்

வில்லியனூர்
10.11.2024

அன்புள்ள சுவேதா,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் உன் மாமாவும் அத்தையும் பரவாயில்லை. பாப்பாவுக்கு மட்டும் சளி விட்டு விட்டு வருகிறது. அவள் நெஞ்சில் காது வைத்துக் கேட்பதே எனக்கு வேலையாகிவிட்டது. உன் உடம்பு எப்படி? ஹாஸ்டல் சாப்பாடு இப்போதாவது ஒத்துக்கொள்கிறதா?

போன் இருக்க இதென்ன கடுதாசி என்று சிரிப்பாய். நீ அனுப்பும் வாய்ஸ் மெசேஜை என் மாமியார்தான் முதலில் கேட்கிறார், ஸ்பீக்கரில் போட்டு. போன வாரம் நீ, "உன் மாமியா இன்னும் அப்டியேதானா அக்கா" என்று கேட்டது தெருக்குழாய் வரை போய்விட்டது. ஆகையால் இனிமேல் காகிதம்தான். அத்தைக்குப் படிக்க வராது. உன் மாமா மருந்துக் கம்பெனி ஷிப்டு முடிந்து வந்தால் எதையும் படிக்கும் நிலையில் இருப்பதில்லை.

பேப்பரில் உன் படம் பார்த்தேன். வெள்ளைக் கோட்டு, நெற்றியில் பூதக்கண்ணாடி, கம்பி சாரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறாய். பின்னால் ஒரு சுவர் முழுக்க அந்த எண்ணெய் ஓவியம். நம் வில்லியனூர்த் தேர், வடம் பிடித்து இழுக்கும் வெள்ளைக்கார கவர்னர். எந்தத் தேரை நான் வருஷா வருஷம் வாசலில் நின்று பார்க்கிறேனோ, அதை நீ சென்னையில் உட்கார்ந்து தொட்டுக்கொண்டிருக்கிறாய். சித்தி சோரியாங்குப்பத்திலிருந்து போன் போட்டு, மகள் படம் வந்ததென்று தெருவே பேப்பர் வாங்கியது என்றார். சந்தோஷம்.

பாப்பா வயிற்றில் வராமல் இருந்திருந்தால் என்று நான் நினைப்பதே இல்லை. மியூசியத்தில் பழைய ஓவியம் சரிசெய்யும் பயிற்சிக்கு முதலில் எனக்குத்தான் ஆர்டர் வந்தது, நீ காத்திருப்போர் பட்டியலில் இருந்தாய், டாக்டர் மாடிப்படி ஏறக்கூடாது என்றதால் நான் வரவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அவ்வளவுதானே. அதில் ஒன்றுமில்லை.

படத்தில் நீ பஞ்சுக் குச்சி பிடித்திருக்கும் விதம் கொஞ்சம் முரடாகத் தெரிந்தது. கேமரா பார்த்த கோணமாக இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
செல்வகுமாரி


சென்னை
22.11.2024

என் அக்காவுக்கு,

சுவேதா எழுதுவது. நான் சௌக்கியம். பாப்பா சளிக்கு ஆவி பிடிக்காதே, குழந்தைக்கு ஆபத்து என்று இங்கே ஒரு அக்கா சொன்னார். நீ ஏற்கெனவே பத்துப் பேரிடம் கேட்டிருப்பாய், தெரியும்.

மாமியார் விஷயத்துக்கு மன்னித்துவிடு. கடுதாசி நன்றாகத்தான் இருக்கிறது. ஹாஸ்டலில் எனக்கு மட்டும்தான் தபால் வருகிறது, எல்லாரும் லவ் லெட்டர் என்கிறார்கள்.

ஓவியத்தைப் பற்றிச் சொல்கிறேன். நம் வீட்டு வாசலிலிருந்து தெருமுனை வரை அகலம் என்று வைத்துக்கொள். யாரோ துரை வீட்டுக் கூடத்தில் தொங்கி, அங்கே எரிந்த விளக்கு, பிடித்த சுருட்டு எல்லாப் புகையையும் குடித்திருக்கிறது. வெயில் நேரத் தேர் என்று ஏட்டில் இருக்கிறது, பார்த்தால் அந்தி மாதிரி பழுப்பு. நான்கு பேர் ஆளுக்கொரு மூலையில் அழுக்கு எடுக்கிறோம். என் பங்கு வலது கீழ்ப்பக்கம், கூட்டம். கவர்னர் எனக்கு இல்லை. கூட்டம்தான் எனக்குப் பிடிக்கிறது.

பல இடத்தில் சாயம் உதிர்ந்துவிட்டது. அங்கே வெள்ளைப் பசை வைத்து அடைத்து, மேலே மெல்லிய செங்குத்துக் கோடுகளாக நிறம் போட வேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால் கோடு தெரியாது, படம் முழுசாகத் தெரியும். கிட்டே வந்தால் இது நாம் போட்டது என்று தெரிந்துவிடும். யாரையும் ஏமாற்றக்கூடாது என்பது இங்கே சட்டம்.

அக்கா, ஒரு உதவி. ஒரு தடித்த அட்டையில் உள்ளங்கை அளவு கட்டம் போட்டு, வாட்டர்கலரில் அந்த மாதிரி கோடு போட்டு அனுப்பேன். தோல் நிறம், அரக்கு, இலைப் பச்சை. சும்மாதான். பார்க்க ஆசையாக இருக்கிறது.

பாப்பாவுக்கு முத்தம்.
சுவேதா


வில்லியனூர்
15.12.2024

சுவேதாவுக்கு,

பிழைத்துக் கிடக்கிறோம். புயல் போனதும் சங்கராபரணி ஆறு பொங்கி, எங்கள் தெருவுக்கு முன் தெரு வரை தண்ணீர் வந்து நின்றது. கரண்ட் இல்லை. பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்து, எந்த மருந்துக் கடையும் திறக்காமல், பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு நானும் உன் மாமாவும் அலைந்த அலைச்சல் எதிரிக்கும் வேண்டாம். இப்போது தேவலை. ஆனாலும் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன், என் கைதான் சுடுகிறதோ என்று சந்தேகம் வருகிறது.

மேற்குச் சுவர் ஊறிவிட்டது. அங்கே மாட்டியிருந்த மாமனார் படத்தை இறக்கிக் கூடத்து அலமாரி மேல் சாய்த்து வைத்திருக்கிறோம். நீ கல்யாணத்தின்போது பார்த்திருப்பாய். அரியாங்குப்பத்தில் போர்டு எழுதுகிறவர் ஒருவர் எண்ணெய்ச் சாயத்தில் வரைந்தது. சூடம், சாம்பிராணி, அகல் விளக்கு என்று புகை ஏறி ஏறி இப்போது மீசை எது மூக்கு எது என்று தெரியவில்லை. பாப்பா அதைப் பார்த்து "பூச்சி" என்று கத்திக்கொண்டு என் காலைக் கட்டிக்கொள்கிறாள். அத்தைக்கு அதில் வருத்தம். "பேத்தியே தாத்தாவைப் பார்த்து பயப்படுறா பாரு" என்று என்னிடம்தான் சண்டை.

பேப்பரில் வந்த உன் படத்தை அத்தை வெட்டி பிரிட்ஜில் ஒட்டியிருக்கிறார். பால் எடுக்கும்போதெல்லாம் நீ பூதக்கண்ணாடியோடு என்னைப் பார்க்கிறாய்.

கோடு போட நேரமில்லை. தவிர, உன் காலேஜ் ரெக்கார்டில் பாதிக் கோடு நான் போட்டது. மியூசியத்துக்கும் நானே போட வேண்டுமா?

உடம்பைக் கவனி.
செல்வகுமாரி


சென்னை
28.12.2024

அன்பு அக்காவுக்கு,

புயல் செய்தி பார்த்து நான் போட்ட போன் எதுவும் போகவில்லை. பாப்பா தேறியது கேட்டு நிம்மதி. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. பாப்பா மிச்சம் வைத்ததைத் தின்றுவிட்டு அதுதான் சாப்பாடு என்று சொல்லாதே.

ரெக்கார்டு விஷயம் உண்மைதான். எல்லாரிடமும் சொல்லிவிட்டேன், பாதி மார்க் என் அக்காவுடையது என்று.

இப்போது சொல்லப்போவதை வீட்டில் யாருக்கும் சொல்லாதே. அழுக்கை எதால் எடுக்கிறோம் தெரியுமா? எச்சிலால். மருந்து எல்லாம் வார்னிஷ் எடுக்கத்தான். மேலே படிந்த புகைக்கு மனுஷ எச்சில் போல எதுவும் இல்லையாம். அதில் இருக்கும் நொதி அழுக்கைக் கரைக்கும், சாயத்தைத் தொடாது. பஞ்சைக் குச்சியில் சுற்றி நாக்கில் தொட்டு, தேய்க்காமல் உருட்ட வேண்டும். உலகம் முழுக்க இப்படித்தானாம். இதற்காக நான் காரம் விட்டேன், காபி விட்டேன். தினம் வாய் வறண்டுபோகிறது. அம்மா காதுக்குப் போனால் அவ்வளவுதான். சாமி தேர்மேல எச்சியா என்று உயிரை விட்டுவிடுவாள். எனக்கு மாப்பிள்ளை வேறு பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நேற்று ஒரு பொம்பளை வெளியே வந்தாள். கூட்டத்தில் எல்லாரும் தேரைப் பார்க்கிறார்கள், கை கூப்பியிருக்கிறார்கள். இவள் ஒருத்தி மட்டும் கை கூப்பிக்கொண்டே கண்ணைச் சாய்த்துப் பக்கத்தில் நிற்கிறவளின் கம்மலைப் பார்க்கிறாள். இத்தனை காலம் புகைக்குள் ஒளிந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் கன்னத்தில் சாயம் உதிர்ந்து ஓட்டையாக இருக்கிறது. சாரத்தில் உட்கார்ந்து சிரித்துவிட்டேன்.

அட்டையில் கோடு மறக்காதே. சும்மாதான் கேட்கிறேன்.

உன் சுவேதா


வில்லியனூர்
18.1.2025

சுவேதாவுக்கு,

பொங்கல் முடிந்தது. எல்லாரும் நலம். பாப்பா கரும்புச் சக்கையை முழுங்கிவிட்டாளோ என்று ஒரு நாள் முழுக்க நான் சாகாமல் செத்தேன். முழுங்கவில்லை, ஜன்னல் இடுக்கில் கிடந்தது.

காணும் பொங்கலுக்கு மாமியார் வீட்டுச் சொந்தம் எல்லாம் வந்திருந்தது. பேச்சு முழுக்க நீதான். பிரிட்ஜ் கதவைத் திறந்து மூடி உன்னைக் காட்டினார்கள். உன் மாமா வேறு, தேர் படத்துக்கே டாக்டர் எங்கள் சுவேதா என்கிறார். அவரோடு வேலை செய்யும் ஒருவர் என்னிடம், நீங்களும் அதே காலேஜ்தானே, ஏன் போகவில்லை என்று கேட்டார். கேசரி கிண்டிக்கொண்டிருந்தேன். நானும் ஏதோ சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அதை விடு.

கோடு போட்டிருக்கிறேன். ஒரு அட்டை கேட்டாய், நான்கு இருக்கிறது. தோல் நிறம் மட்டும் இரண்டு, ஒன்று வெயிலில், ஒன்று நிழலில். அவ்வளவு மெல்லிய பிரஷ் வீட்டில் இல்லை, பாப்பா பிறந்த முடி எடுத்தபோது வைத்திருந்ததைக் குச்சியில் கட்டிக்கொண்டேன். பாப்பா தூங்கும்போது ஆரம்பித்தேன், அவள் எழுந்து அழும் வரை தலை நிமிரவில்லை. இதற்கு மேல் நெருக்கமாக அங்கே யாராவது போடுகிறார்களா என்று பார்த்துச் சொல். போட்டால் எழுதாதே.

அந்தப் பொம்பளையைப் பற்றி எழுதியிருந்தாய். எதற்கு எழுதினாய் என்று யோசித்தேன்.

செல்வகுமாரி


சென்னை
9.2.2025

அக்காவுக்கு,

நான் நலம். அட்டைகள் வந்தன.

அம்மா போன் செய்து அழுதாள். "ஏன்டி, காலேஜ் படிச்சிட்டு எச்சி துப்பித் தொடைக்கிறியா" என்றாள். பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் பாகூரில் யார் மூலமோ கேள்விப்பட்டுச் சிரித்தார்களாம். வருவார்களா தெரியாது. அது போகட்டும், எனக்கும் பெரிய அவசரம் இல்லை.

நான் இதை ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருந்தேன்.

பாப்பாவைக் கேட்டதாகச் சொல்.
சுவேதா


சென்னை
14.3.2025

அக்கா,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பாப்பாவுக்கு ஏதாவதா? மாமாவுக்கு மெசேஜ் போட்டேன், எல்லாரும் சௌக்கியம் என்று கட்டை விரல் அனுப்பினார். அதனால் நான் கோபமாக இருக்கிறேன் என்று நினைத்து எழுதாமல் இருக்கிறாய். கோபம்தான். ஆனால் இது வேறு விஷயம்.

உன் அட்டைகளை எங்கள் மேடம் மேஜையில் வைத்தேன். அவர் சாதாரணமாக யாரைப் பற்றியும் நல்லது சொல்ல மாட்டார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார், அப்புறம் எடுத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்று பார்த்தார். நிழலில் இருக்கும் தோலுக்கு அடியில் பச்சைக் கோடு போட வேண்டும் என்று இவளுக்கு யார் சொன்னது என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை, காலேஜிலேயே அப்படித்தான் என்றேன். நான் நவம்பரிலேயே உன்னைப் பற்றிச் சொல்லியிருந்தேன். கையைப் பார்க்காமல் எடுக்க மாட்டேன் என்றார், அதற்காகத்தான் அட்டை கேட்டேன். உனக்குச் சொன்னால் பயத்தில் கை நடுங்கும், இல்லாவிட்டால் என்னிடம் சிபாரிசு எதற்கு என்று போட மாட்டாய். உன்னைத் தெரியாதா?

மே, ஜூன் இரண்டு மாதம். கோடு போட ஆறு பேர் எடுக்கிறார்கள், அதில் நீ ஒருத்தி. முதலில் பலகையில் பழக்கம், பிறகு ஓவியத்தில். பிடித்துப்போனால் தொடரலாம். ஏப்ரல் கடைசிக்குள் வருகிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

இந்த முறை படியேறலாம், அக்கா.

சுவேதா


வில்லியனூர்
25.3.2025

சுவேதா,

கடிதம் வந்து மூன்று நாள் வெறுமனே கையில் வைத்திருந்தேன். எல்லாரும் நலம்.

வீட்டில் சொன்னேன். அம்மா என்ன சொல்கிறார்களோ என்றார் உன் மாமா. அத்தை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவே இல்லை. "எச்சி தொட்டு தொடைக்கிற வேலைன்னு பொங்கல்ல நீதானேம்மா சொன்ன? வெள்ளக் கோட்டு போட்டா மட்டும் எச்சி தண்ணியாயிடுமான்னு கேட்ட. எல்லாரும் சிரிச்சாங்க, நானும்தான் சிரிச்சேன். அதுக்கா கைக்கொழந்தைய தூக்கினு மெட்ராஸ் போற?"

அதுதான் நான் சொன்னது. வார்த்தைக்கு வார்த்தை அவர் ஞாபகம் வைத்திருக்கிறார். அன்று அது எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா, சுவேதா? பிரிட்ஜில் இருந்த உன் முகம் கொஞ்சம் சின்னதானது மாதிரி இருந்தது. இப்போது அதே வார்த்தை என் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. இந்த வேலை ரொம்ப உசந்தது அத்தை என்று நான் இனி எந்த வாயால் சொல்வது?

உன் பெண் பார்க்கும் விஷயத்துக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. சித்தி என் போனை எடுப்பதில்லை.

வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்.

செல்வகுமாரி


வில்லியனூர்
6.4.2025

அன்புள்ள சுவேதாவுக்கு,

ஒரு தப்பு செய்துவிட்டேன், உடனே பதில் எழுது. பாப்பா நலம்.

நேற்று அத்தை பாப்பாவுக்குக் கேழ்வரகுக் கூழ் ஊட்டினார். முகமெல்லாம் அப்பிக்கொண்டாள். அத்தை முந்தானை நுனியை வாயில் வைத்து ஈரம் பண்ணி, கன்னம், மூக்கு, புருவம் என்று துடைத்தார். இதுவும் எச்சில்தானே அத்தை என்றேன். "கொழந்தைக்கு இன்னாடி எச்சி" என்றுவிட்டு ரேஷன் கடைக்குப் போய்விட்டார்.

அவர் துடைத்த முகம் பளிச்சென்று இருந்தது. எனக்கு என்ன வந்ததோ, காதுக் குச்சியை எடுத்து, பஞ்சை நாக்கில் தொட்டு, நீ எழுதின மாதிரி உருட்டினேன். அலமாரி மேல் சாய்ந்திருந்த மாமனாரின் இடது கண். ஒரு குச்சி கறுப்பானதும் அடுத்தது. முதலில் வெள்ளை விழி வந்தது. பிறகு கருவிழி, அதில் ஒரு சொட்டு வெளிச்சம் வைத்திருக்கிறார் அந்த போர்டு எழுதினவர், எவ்வளவு அழகாக. கீழ் இமையில் ஒரு மடிப்பு, உன் மாமாவுக்கு இருக்கிற அதே மடிப்பு. தேரின் எந்த மூலையும் கிடைக்காவிட்டால் என்ன, இது எனக்குக் கிடைத்தது என்று நினைத்தேன். கடைசிக் குச்சியில் பழுப்பாக ஏதோ ஒட்டியது. புகையா சாயமா தெரியவில்லை. நிறுத்திவிட்டேன்.

பாப்பா வந்து பார்த்தாள். பூச்சி என்று சொல்லவில்லை. கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்து எட்டிப் பார்த்தாள், திரும்ப ஒளிந்தாள். அதனோடு விளையாடுகிறாள்.

அத்தை அரிசிப் பையோடு வந்தவர் அப்படியே நின்றார். எதை வைத்துத் துடைத்தாய் என்று கேட்டார். எச்சில் என்றேன். பொய் சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. அவர் படத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டார். ராத்திரி என் கையால் சாப்பிடவில்லை. காலையில் பார்த்தால் படம் மறுபடி இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது.

அந்தக் கடைசிப் பஞ்சை இதோடு வைத்திருக்கிறேன். சாயம் போய்விட்டதா என்று பார்த்துச் சொல்.

அக்கா


சென்னை
12.4.2025

அக்கா,

பயப்படாதே. பஞ்சை மேடமிடம் காட்டினேன். வெறும் சாம்பிராணிப் புகை, சாயம் ஒரு துளி இல்லை. ஆனால் அந்த இன்னொரு கண்ணைத் தொடாதே. மூக்கையும் தொடாதே. மீசை கறுப்பு மட்டும் சீக்கிரம் கரையும், அது ரொம்ப ஆபத்து. யார் சொன்னாலும் கேட்காதே, மாமியாரே சொன்னாலும். கற்றுக்கொண்டு செய்.

முதல் தடவையிலேயே கருவிழியில் இருக்கும் வெளிச்சம் வரை போயிருக்கிறாய். எனக்கு அதற்கு ஐந்து மாதம் ஆனது. இதைப் படித்துவிட்டு ஹாஸ்டல் மாடியில் கொஞ்ச நேரம் நடந்தேன். அந்தக் கம்மல் பொம்பளை ஞாபகம் வந்தது. அவளை உனக்கு எழுதியது உன்னைக் குத்தத்தான், அக்கா. ஆனால் அவளை முதலில் பார்த்தபோது எனக்கு என் முகம்தான் தெரிந்தது. பட்டியலில் இரண்டாவதாக இருந்தவளுக்குத் தெரியாதா?

உன் இடத்தை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை.

சுவேதா


வில்லியனூர்
24.4.2025

என் அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் எல்லாரும் நலம். மாமனாரும் நலம், ஒற்றைக் கண்ணோடு.

உன் கடிதம் வந்த அன்றே அத்தை ஆரம்பித்துவிட்டார். இன்னொரு கண்ணையும் திறந்துவிடு என்றார். தெரியாது, கற்றுக்கொள்ளாமல் தொட்டால் மீசை கரைந்துவிடும் என்றேன். அப்படியானால் இந்தக் கண்ணையும் முன்னே இருந்த மாதிரி மூடிவிடு என்றார். அது முடியாது என்றேன். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். படத்தை சமையற்கட்டுப் பக்கம் வைத்தார், வாசல் பக்கம் வைத்தார், துண்டு போட்டு மூடினார். பாப்பா துண்டை இழுத்துவிட்டு எட்டிப் பார்த்துச் சிரிக்கிறாள்.

நேற்று சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார். "எங்க போனாலும் ஒத்தக் கண்ணால பார்த்துகினே இருக்காரு. உயிரோட இருந்தப்பகூட என்னை இவ்ளோ பார்க்கல அந்த மனுசன். போயி ஒழுங்கா கத்துகினு வா. பாதியில வுட்டு வெக்காத."

பாப்பாவை யார் பார்த்துக்கொள்வது என்றேன். அவருடைய தங்கை காசம்மாள் தாம்பரத்தில் இருக்கிறாராம். அத்தையும் பாப்பாவும் அங்கே தங்குவதாம், நான் காலையில் ரயில் ஏறி சாயந்திரம் திரும்பிவிட வேண்டுமாம். உன் மாமா முட்டையும் ரசமும் வைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். பாப்பாவுக்குத் தாம்பரத்துத் தண்ணீர் ஒத்துக்கொள்ளுமா, கொசு அதிகமா, பக்கத்தில் குழந்தை டாக்டர் உண்டா, எல்லாம் விசாரித்து எழுது. நான் ஏற்கெனவே மூன்று தடவை அழுதுவிட்டேன்.

அத்தை தெருக்குழாயடியில் பெருமை அடிக்கிறார். "எச்சி வேலைதான், ஆனா சும்மா எச்சி இல்ல, படிச்சவங்க எச்சி." அதே வாயோடு சோரியாங்குப்பம் போய் சித்தியிடமும் பேசிவிட்டு வந்தார். சித்தி இன்று என் போனை எடுத்தார். திட்டத்தான் எடுத்தார், நன்றாகத் திட்டினார். கேட்டுக்கொண்டேன்.

இந்த வருஷம் தேரை வாசலில் நின்று பார்க்க மாட்டேன். வருகிறேன் என்று எழுதின காகிதம் உள்ளே இருக்கிறது, மேடத்திடம் கொடு.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் பொம்பளையின் கன்னத்தை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதே, நீயும் எடுத்துக்கொள்ளாதே. அடியில் எவ்வளவு பச்சை வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

செல்வகுமாரி